முகாம் மூடியாச்சு, சனம் வீட்டுக்குப் போயாச்சா?

2012 செப்டெம்பர் கடைசி வாரம். வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில் எஞ்சியிருந்த கடைசிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறின. மொத்தம் 1,160 பேர். மூன்று வருடங்களுக்கு முன்பு, போர் முடிந்த 2009இல், இதே முள்வேலிக்குள் 2 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள் வாழ்கிறவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான கூட்டம் அது.

கடைசிக் குடும்பங்களும் போனதும், முகாம் மூடப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. ஐ.நா. அதை ஒரு மைல்கல் என்று வரவேற்றது. அதே கையோடு ஒரு கவலையையும் சொல்லிவைத்தது. அந்தக் குடும்பங்களில் 110 குடும்பங்கள், 346 பேர், போய் இறங்கிய இடம் அவர்களுடைய ஊர் இல்லை. அவர்கள் முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவுக்காரர்கள். ஊர் அங்கேயே இருந்தது. காணியும் இருந்தது. காணிக்குள் படை முகாம் இருந்தது. அதனால் பக்கத்தில் காடு வெட்டிய ஒரு இடத்தில் அவர்களை இறக்கிவிட்டார்கள். கணக்கேட்டில் அவர்கள் 'மீள்குடியேறியவர்கள்'.

ஒரு முகாமை மூடுவது என்றால் என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே பிசகுகிறது என்பதை இந்த ஒரு முகாமை வைத்தே ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். நடுவில் உகண்டா, ஈராக், நைஜீரியா பக்கமும் ஒரு எட்டு போய் வருவோம்.

சொற்களில் இருந்தே தொடங்கும் குழப்பம்

போருக்குப் பயந்து ஓடுகிற எல்லோரையும் பேச்சுவழக்கில் அகதி என்றுதான் சொல்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. நாட்டின் எல்லையைத் தாண்டியவர்தான் அகதி. மன்னாரிலிருந்து படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்கியவர் அகதி. அதே மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு ஓடியவர் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்'. ஓட்டம் ஒன்றுதான், குண்டும் ஒன்றுதான்; நடுவில் கடல் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் அந்த வித்தியாசம் பெரியது. அகதிகளுக்கென்று 1951இல் எழுதப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. (இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. தமிழ்நாட்டில் உள்ள முகாம்கள் மாநில அரசின் கவனிப்பில் நடக்கின்றன. 2021இல் அவற்றின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள்.) உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கு அப்படி ஒரு உலக ஒப்பந்தம் கிடையாது. அவருக்குப் பொறுப்பு அவருடைய சொந்த அரசாங்கம். பல நேரம் அதே அரசாங்கம் போரில் ஒரு தரப்பாகவும் இருந்திருக்கும். சிக்கல் அங்கேதான்.

இந்த ஓட்டையை அடைக்க 1998இல் ஐ.நா. சில வழிகாட்டிக் கோட்பாடுகளை வெளியிட்டது. சூடானைச் சேர்ந்த இராஜதந்திரி பிரான்சிஸ் டெங் தலைமையில் தயாரானவை. மொத்தம் 30. இதில் எந்த நாடும் கையெழுத்துப் போடவில்லை. மீறினால் வழக்குப் போட முடியாது. இருந்தாலும் முகாம் மூடுவதைப் பற்றி உலகத்தில் யார் பேசினாலும் 28ஆவது கோட்பாட்டுக்குத்தான் வந்து நிற்பார்கள். இடம்பெயர்ந்தவர்கள் தாமாக விரும்பி, பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் ஊர் திரும்பவோ, நாட்டில் வேறு இடத்தில் குடியேறவோ வழி செய்வது அரசின் முதற்கடமை என்கிறது அது. அந்தத் திட்டத்தைப் போடும்போது அவர்களையும் கூட வைத்துக்கொண்டுதான் போட வேண்டும் என்றும் சொல்கிறது.

அடுத்தது 'மீள்குடியேற்றம்'. இலங்கையில் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கண்ணில் படுகிற சொல். சொந்த ஊருக்குத் திரும்பினாலும் மீள்குடியேற்றம். அரசு காட்டிய வேறொரு காணியில் கொட்டில் போட்டாலும் மீள்குடியேற்றம். முகாமிலிருந்து இறங்கி உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒண்டினால்கூடச் சில கணக்குகளில் அதுவும் மீள்குடியேற்றம். 'மீள்' என்ற முன்னொட்டைக் கேட்டதும் நம் மனசு தானாகவே 'வீடு திரும்பிவிட்டார்கள்' என்று முடிவு செய்துகொள்கிறது. கேப்பாப்புலவுக்காரர்கள் எங்கே மீண்டார்கள்? அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பிரித்தே சொல்கிறேன்: சொந்தக் காணிக்குப் போனால் 'ஊர் திரும்புதல்', வேறு காணி கொடுத்து இருத்தினால் 'மாற்றிடத்தில் குடியமர்த்தல்'.

முகாம் என்ற சொல்லும் அரசாங்கக் கடிதங்களில் வராது. அங்கே அது 'நலன்புரி நிலையம்'. மெனிக் பாமின் வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர்கள். பெயர் வைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

மூன்று வழி, ஒரு நிபந்தனை

இடம்பெயர்ந்த ஒருவரின் நிலை முடிவுக்கு வருவதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, பழைய ஊருக்கே திரும்புவது. இரண்டு, ஓடிவந்து தங்கிய இடத்திலேயே வேர்விட்டுவிடுவது. மூன்று, இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு இடத்துக்குப் போய்க் குடியேறுவது. ஐ.நா. அமைப்புகள் 2010இல் இறுதி செய்த சட்டகத்தில் இவற்றை 'நிலையான தீர்வுகள்' என்று குறிப்பிடுகிறார்கள். மூன்றில் எது உசத்தி என்று அதில் இல்லை. எந்த வழியாக இருந்தாலும் போகிறவர் விரும்பிப் போக வேண்டும், போன பிறகு இடம்பெயர்ந்ததால் வந்த தனித் தேவையோ பாகுபாடோ அவருக்கு இருக்கக் கூடாது என்பதுதான் அளவுகோல்.

விரும்பிப் போவது என்றால் என்ன? சும்மா கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுப்பது இல்லை. ஒருவருக்கு இரண்டு உண்மையான வழிகள் முன்னால் இருக்க வேண்டும். 'அடுத்த மாதம் தண்ணீர் பவுசர் வராது, பங்கீடு நிற்கும், போகிறீர்களா?' என்று கேட்டு வாங்குகிற சம்மதத்துக்குப் பெயர் வேறு. 2009இல் மெனிக் பாமுக்குள் இருந்தவர்களுக்கு டிசம்பர் 1ஆம் திகதி வரைக்கும் வெளியே கால் வைக்கவே விடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தபோதும் அங்கேயேதான் இருந்தார்கள். அப்படி இருக்கிறவரிடம் போய் 'எங்கேயாவது போகிறீர்களா' என்று கேட்டால் கேள்வி முடிவதற்குள் 'ஓம்' என்றுதான் சொல்வார். அது ஊர் மேல் உள்ள விருப்பமா, முள்வேலி மேல் உள்ள வெறுப்பா என்று எந்தப் படிவத்தாலும் பிரித்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது வழி, அதாவது வந்த இடத்திலேயே தங்கிவிடுவது, எவ்வளவு சிக்கலானது என்பதற்கு வடக்கு முஸ்லிம்களைப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அவர்களை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் போய்த் தங்கினார்கள். தென்னோலைக் கொட்டில் கல்வீடானது. பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணமும் கட்டினார்கள். 2009க்குப் பிறகு 'இனி ஊருக்குப் போகலாம்' என்றபோது ஒரே வீட்டுக்குள் மூன்று பதில் வந்தது. வாப்பாவுக்கு மன்னாரில் விட்டுவந்த காணியும் பள்ளிவாசலும். மகனுக்குப் புத்தளத்தில் கடை. பேரப்பிள்ளைக்கு மன்னார் என்பது விடுமுறைக்குப் போகிற இடம். போனவர்களுக்கோ காணி காடாகிக் கிடந்தது, அல்லது வேறு யாராவது இருந்தார்கள். இருபது வருடம் கழித்து ஒரு முகாமை மூடும்போது, திரும்பிப் போக வேண்டிய 'ஊர்' எது என்பதே வீட்டுக்குள் விவாதத்துக்குரிய விஷயமாகிவிடுகிறது.

மூடுகிற வேலை

ஒழுங்காக மூடினால் அது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஆறு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை என்பது முதலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், காணி உறுதி இருக்கிறதா, போக விருப்பமா என்று குடும்பம் குடும்பமாகக் கேட்க வேண்டும். அப்புறம் ஊர்ப் பக்கம் கண்ணிவெடி அகற்ற வேண்டும். வன்னியில் இது அங்குலம் அங்குலமாக நடந்த வேலை. யாழ் குடாநாட்டின் வாசலில் முகமாலைப் பகுதியில், போர் முடிந்து பத்து வருடம் தாண்டியும் சிவப்புக் குறிக் கட்டைகளுக்கு நடுவில் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் அதே மாவட்டங்களின் பெண்கள்.

வெடி அகற்றியதும் 'போய்ப் பார்த்து வருகிற' பயணம். ஊர் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் முகாமில் அதிகாரி பத்துத் தடவை சொல்வதைவிட, போய் வந்த பக்கத்துக் கூடாரத்து அண்ணை 'கிணறு இருக்கு, கூரை இல்லை' என்று ஒரு தடவை சொல்வதற்குத்தான் மதிப்பு.

பிறகு உதவிப் பொதி. 2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பிய குடும்பத்துக்குக் கிடைத்தது தோராயமாக இதுதான்: கொஞ்சம் கூரைத் தகரம், தறப்பாள், மண்வெட்டி, கத்தி போன்ற சாமான், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் 25,000 ரூபாய், உலக உணவுத் திட்டத்தின் ஆறு மாத உலர் உணவு.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பஸ் பாடசாலை வளவில் இறக்கிவிடும். அங்கிருந்து ட்ராக்டரிலோ நடந்தோ காணிக்குப் போக வேண்டும். கிளுவை வேலி இருந்த இடத்தில் நாயுருவியும் விளாத்தியும் மண்டிக் கிடக்கும். வேலி போனால் எல்லை போச்சு; எது தன் காணி, எது பக்கத்து வீட்டுக் காணி என்று பனைமரங்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில பனைகளுக்குத் தலை இருக்காது. ஓடு, கதவு, நிலை, ஜன்னல் ஒன்றும் இருக்காது. அத்திவாரம் மட்டும் தெரியும். அடுத்தது கிணறு. அதற்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் வாளியை இறக்க முடியாது. இறைத்து, தூர் எடுத்து, மருந்து போட்டு, மறுபடி இறைத்து, அதற்குப் பிறகுதான் குடிக்கலாம். அதுவரைக்கும் பவுசர் வருகிற சந்தியில் கலனோடு நிற்க வேண்டும். இருட்டுவதற்குள் நான்கு தடி நட்டுத் தகரத்தை மேலே போட்டால் அன்றைக்கு வீடு. அந்தக் குடும்பம் முகாமிலிருந்து வெளியேறிவிட்டது என்பது உண்மை. இடப்பெயர்வு அவர்களுக்கு முடிந்துவிட்டது என்று அன்றிரவு அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

முகாம் இருந்த இடத்தையும் மறந்துவிடக் கூடாது. மலசலகூடக் குழிகளை மூட வேண்டும், வேண்டாத கிணறுகளை அடைக்க வேண்டும், கழிவை அகற்ற வேண்டும், நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். வடக்கு உகண்டாவில் அரசுப் படைக்கும் 'இறைவனின் எதிர்ப்புப் படை' (LRA) என்ற கிளர்ச்சிக் குழுவுக்கும் நடந்த போரில் 18 இலட்சம் பேர் வரைக்கும் முகாம்களில் இருந்தார்கள். சுமார் 250 முகாம்கள். 2006இல் சண்டை ஓய்ந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக மூடினார்கள். பெரும்பாலான முகாம்கள் யாரோ ஒரு விவசாயியின் காணியில் இருந்தவை. பத்து வருடம் பொறுத்திருந்த அந்த விவசாயி, எல்லோரும் போங்கள், நான் உழ வேண்டும் என்றார். நியாயந்தானே. ஆனால் இளம் குடும்பங்கள் எல்லாம் போன பிறகு எஞ்சியவர்கள் யார் என்றால் தனிக் கிழவிகள், நோயாளிகள், கணவன் செத்ததும் கணவனுடைய குலத்துக் காணியில் இடம் மறுக்கப்பட்ட பெண்கள். சொந்தமாகக் குடிசை கட்ட உடம்பில் தெம்பில்லாதவருக்கு ஊர் திரும்புதல் என்ற சொல்லில் ஒன்றும் இல்லை. எந்த நாட்டு முகாமானாலும் கடைசியில் மிஞ்சுகிறவர்கள் இவர்கள்தான். ஆகவே கடைசி ஐந்து சதவீதத்தை அனுப்புவதற்குத்தான் அதிக காலமும் பணமும் பிடிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பணம் கொடுத்தவர்களும் கிளம்பிப் போயிருப்பார்கள்.

எல்லாம் கடைசியில் காணியில் வந்து முட்டும்

நான் இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் பேச்சு காணிக்கு வந்துவிடும். வீடு, தொழில், பள்ளிக்கூடம் எல்லாம் பிறகு.

காணிப் பிரச்சினை ஒன்றில்லை, பல. முதலாவது, பத்திரம். ஓடும்போது பலர் உறுதியை மாரோடு கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆனாலும் ஆற்றில், கடலில், பங்கருக்குள் போனது நிறைய. வன்னியில் பெரும்பகுதி நிலம் அரசகாணி; அதில் இருந்தவர்களிடம் உறுதி கிடையாது, அனுமதிப் பத்திரம்தான். அதுகூட இல்லாதவர்கள் இருந்தார்கள். மலையகத்திலிருந்து 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கழனி செய்த குடும்பங்கள் பல அப்படிப்பட்டவை. முப்பது வருடம் அங்கே உழைத்திருப்பார்கள். பிரதேச செயலகத்துக் கோப்பில் அவர்கள் பெயர் இருக்காது. வீட்டுத்திட்டம் வரும்போது 'காணிப் பத்திரம் கொண்டுவாங்கோ' என்றால் கொண்டுவர ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பத்திரம் கணவர் பெயரில் இருக்கும், கணவர் இருக்க மாட்டார். இறந்தது தெரிந்தால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம். காணாமல் போனவருக்கு என்ன எடுப்பது? மரணச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால் அவர் செத்துவிட்டார் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று எத்தனையோ பெண்கள் மறுத்தார்கள். 2016இல்தான் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்று ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். போர் முடிந்து ஏழு வருடம் கழித்து.

மூன்றாவது, காணியில் வேறொருவர். இலங்கைச் சட்டப்படி ஒரு தனியார் காணியில் பத்து வருடம் தடங்கல் இல்லாமல் எதிருரிமையோடு, அதாவது உரிமைக்காரரை ஏற்காமல் தன் காணியாகவே, இருந்தவர் அது தன்னுடையது என்று வழக்காடலாம். போரில் ஓடியவர் பத்து வருடம் வழக்குப் போட ஊரிலேயே இல்லையே. இதைச் சரிசெய்ய 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை போரால் நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துவிடுவதற்கு அது வழிசெய்தது.

நான்காவது, காணியில் படை. யாழ் குடாநாட்டின் வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஓடியவர்கள். பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. மல்லாகத்தில் கோணப்புலம், சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை என்று முகாம்கள் முளைத்தன. நாட்டில் முகாம்கள் எல்லாம் மூடியாகிவிட்டது என்று 2012இல் உலகம் கேட்டபோது இந்த முகாம்கள் அப்படியேதான் இருந்தன. ஏனென்றால் இவர்கள் 'பழைய' இடம்பெயர்ந்தோர். 2008க்குப் பின் வந்தவர்கள் 'புதிய' இடம்பெயர்ந்தோர். நிதியும் அறிக்கையும் கமெராவும் புதியவர்களைச் சுற்றியே நின்றன. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். காணிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015இல் ஆட்சி மாறிய பிறகு ஆயிரம் ஏக்கர் என்றும் அறுநூறு ஏக்கர் என்றும் துண்டு துண்டாக விடத் தொடங்கினார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் 54 ஏக்கரோடு வந்தது. ஒரு காலத்தில் வடக்கில் மீன்பிடிக்குப் பேர்போன துறை அது. 27 வருடம் கழித்துப் போனவர்களில் பலருக்குக் கடல்தொழில் செய்கிற வயது தாண்டிவிட்டது, பிள்ளைகளுக்குத் தொழிலே தெரியாது.

இதனால்தான் மாற்றிடத்தில் குடியமர்த்துவது அவ்வளவு கசக்கிறது. அரசாங்கத்துக்கு நிலம் என்பது ஏக்கர் கணக்கு. கால் ஏக்கர் எடுத்தோம், கால் ஏக்கர் கொடுத்தோம். கேப்பாப்புலவு மீனவருக்குக் காணிக்குக் கீழே நந்திக்கடல் களப்பு இருக்கிறது. இரவு வலை போட்டு விடிய எடுக்கலாம். தென்னை இருக்கிறது, வயல் இருக்கிறது, கோயில் இருக்கிறது. அவருக்குக் கொடுத்த 'மாதிரிக் கிராமம்' காட்டுப் பக்கம். வீடு புதுசு. இறால் பிடிக்கக் காட்டுக்குள் வழியில்லை.

நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் ஓடினார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் இருந்தபோதே அவர்களுடைய ஊரை முதலீட்டு வலயத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கடற்படைக்குமாகப் பிரித்தாகிவிட்டது. வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். பங்கீட்டை நிறுத்தியும் பார்த்தார்கள். கிளிவெட்டிச் சனம் அசையவில்லை. ஒன்பது வருடம் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். 2015இல் 818 ஏக்கருக்கான வர்த்தமானியை ஜனாதிபதி இரத்துச் செய்தார், உச்ச நீதிமன்றத்திலும் அது நின்றது, அடுத்த ஆண்டு கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் வந்தது. முகாமில் இருக்க அடம்பிடித்தார்கள் என்று அதிகாரிகள் குறைப்பட்ட அதே மக்கள்தான், முகாமில் இருந்ததால்தான், ஊரைத் திரும்ப வாங்கினார்கள். மாற்றிடத்துக்குப் போயிருந்தால் அவர்களுடைய பெயர் அன்றைக்கே பட்டியலிலிருந்து போயிருக்கும். பெயர் போனால் கேட்கிற உரிமையும் தேய்ந்துவிடும்.

ஏன் இத்தனை அவசரம்?

முகாம் என்பது போர் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கிற விளம்பரப் பலகை. அது எந்த அரசுக்கும் பிடிக்காது. 2009 மே மாதத்தில் இலங்கை அரசு 180 நாளில் பெரும்பாலானவர்களை அனுப்பிவிடுவோம் என்றது. கடைசி ஆளும் போக மூன்று வருடத்துக்கு மேல் பிடித்தது. ஈராக்கில் ஐஎஸ் அமைப்போடு நடந்த போரில் ஓடியவர்களின் முகாம்களை 2020 ஒக்டோபரிலிருந்து மடமடவென்று மூடினார்கள். சில முகாம்களில் சில நாள் அறிவித்தலில். வெளியேறியவர்களில் ஐஎஸ் குடும்பம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை ஊர் உள்ளே விடவில்லை. முகாமும் இல்லை, ஊரும் இல்லை. பாதி கட்டிய கட்டடத்தில் போய்த் தங்கினார்கள். அதே நாட்டின் குர்திஸ்தான் பகுதியில் யசீதிகளின் முகாம்களுக்கு 2024 ஜூலை 30 கெடு வைத்தார்கள், போகிற குடும்பத்துக்கு 40 இலட்சம் தினார். சொந்த இடமான சிஞ்சாரில் வீடு இடிந்து கிடக்கிறது, ஆயுதக் குழுக்கள் நடமாடுகின்றன என்று பலர் நகரவில்லை. கெடுதான் நகர்ந்தது.

நைஜீரியாவின் போர்னோ மாநிலத்தில் ஆளுநர் பாபகானா சுலும், தலைநகர் மைதுகுரியில் உள்ள அரச முகாம்களை 2021 முடிவதற்குள் மூடுவதாக அறிவித்தார். மக்கள் காலத்துக்கும் நிவாரணத்தில் கையேந்தி நிற்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆண் தலைமைக் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் நைரா, பெண்ணுக்கு 50,000 கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் போக்கோ ஹராம் ஆயுதக் குழுவோடு சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போன பலர் ஊர் எல்லையைச் சுற்றி வெட்டிய அகழிக்கு அப்பால் விவசாயம் செய்யப் போக முடியாமல், உணவுக்குப் பழைய முகாமையே நினைத்துக்கொண்டு இருந்தார்கள்.

முகாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பத்துக்குப் பத்துக் கொட்டிலில் வயதுக்கு வந்த பிள்ளையோடு பத்து வருடம் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முகாமை மூடத்தான் வேண்டும். சனம் இறங்கிப் போக இடம் உண்டான பிறகு அது தானாகவே காலியாகும்; வடக்கு உகண்டாவில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது, கடைசிக் கூடாரங்களைத் தவிர.

திரும்பிய பிறகு வருவது இன்னொரு கதை. இந்தியா 50,000 வீடுகள் கட்டித்தர முன்வந்தது. பயனாளியே கட்டுகிற முறையில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டங்கட்டமாக. நல்ல திட்டம். ஆனால் சீமெந்தும் மணலும் கூலியும் விலையேற, கையில் ஆண் துணையில்லாத வீடுகளில் நகை அடகுக்குப் போனது, பிறகு நுண்கடன் வந்தது. வீடு எழும்பியது, வாரத்துக்கு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் கடன் வசூலிக்கிற பையனும் வாசலுக்கு வரத் தொடங்கினான்.

சரி, கேப்பாப்புலவு என்ன ஆனது? பக்கத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31ஆம் திகதி விமானப்படை முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளும் பாடசாலைச் சீருடையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம், மழை, பனி, வெயில். மார்ச் 1ஆம் திகதி காணி வந்தது. அன்றைக்கே கேப்பாப்புலவுக்காரர்கள் தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் 133 ஏக்கர் விட்டார்கள். மிச்சத்துக்காக மாதிரிக் கிராமத்துக் குடும்பங்கள் வருடக்கணக்கில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள்.

வலிகாமம் வடக்கில் 2025 ஏப்ரலில் வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகிற வீதியைத் திறந்துவிட்டார்கள். 35 வருடத்துக்குப் பிறகு. வீதியோரம் அப்போது வைத்த அறிவித்தல் பலகை: காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும், நடந்து போகக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் அந்தப் பலகையின்படி வண்டியில் அந்த வழியால் போகலாம். வேலிக்கு உள்ளே தன் வளவு இருந்த இடம் வரும்போது கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொள்ளலாம். இறங்க முடியாது.